வீட்டில் இனிக்கிற கீபோர்டு சபையில் தகர டப்பா: புதுசு வாங்க வேண்டுமா?

ஞாயிறுவாசிப்பு:

எல்லாருக்கும் வணக்கம். பதினோரு வருடமாக ஆராதனையில் கீபோர்டு வாசிக்கிறேன், ஆனாலும் இதைக் கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. கையில் இருப்பது 61 கீ உள்ள ஒரு சிந்தசைசர், வாங்கி ஆறேழு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் வாசித்த, தாளம் தானாக ஓடுகிற பழைய அரேஞ்சர் கீபோர்டு ஒன்றும் அலமாரி மேல் கிடக்கிறது. வீட்டில் இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ஹெட்போன், லேப்டாப்பில் ரெக்கார்டிங் செய்ய ரீப்பர் மென்பொருள். அவ்வளவுதான் சொத்து.

சனிக்கிழமை ராத்திரி ஹெட்போன் போட்டு டோன் செட் பண்ணும்போது பியானோ பளிங்கு மாதிரி இருக்கும், அதன் கீழே ஸ்ட்ரிங்ஸ், அதற்கும் கீழே நீளமாக இழைகிற பேட் ஒலி ஒன்று, கேட்கக் கேட்க எனக்கே கண் கலங்கும். மறுநாள் அதே டோன் சபை ஸ்பீக்கரில் வந்தால் பியானோ தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி, அடுத்த அறையில் யாரோ வாசிக்கிற மாதிரி. பேட் மட்டும் சேறாகப் பரவி எல்லார் குரலையும் விழுங்கிவிடும். போன வாரம் ஜெப நேரத்தில் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தேன், பாஸ்டர் கையைத் தாழ்த்திச் சைகை காட்டினார், மாஸ்டர் வால்யூமைக் குறைத்தேன். சவுண்டு பார்க்கிற தம்பி, கீபோர்டு கேட்கவில்லையே என்று மிக்சரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை ஏற்றினான். நான் இன்னும் குறைத்தேன், அவன் இன்னும் ஏற்றினான். அடுத்த பாட்டுக்கு வால்யூமைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து முதல் கார்டைப் பிடித்தேன் பாருங்கள், முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீரிட்டு அழுதுவிட்டது.

வீட்டு ரெக்கார்டிங் கதை வேறு. பாட்டுக்குழு பழகுவதற்காக நான்கு குரலையும் தனித்தனியாகப் பதிவு செய்து அனுப்புகிறேன். குரல் குளியலறையில் பாடினது போல வருகிறது. கீபோர்டை யூஎஸ்பி ஒயரில் லேப்டாப்போடு சேர்த்தால் ஒவ்வொரு நோட்டும் இரண்டு தடவை கேட்கிறது, ஒன்று உடனே, இன்னொன்று ஒரு பொடி பின்னால்.

குழுவில் எல்லாரும் "கீபோர்டு பழசாகிவிட்டது, 88 கீ உள்ளதாக வாங்குங்கள்" என்கிறார்கள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. எதை வாங்கலாம்? மாடல் பெயர் மட்டும் சொன்னாலும் போதும்.

மிக்சர்மேசை:

பிரதர், மாடல் பெயர் சொல்ல மாட்டேன், முதலில் ஒரு கேள்வி. கீபோர்டின் பின்னாலிருந்து மிக்சருக்கு எத்தனை ஒயர் போகிறது? ஒன்று என்றால் எந்த ஜாக்கிலிருந்து? போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பதில் எனக்கு ஏறக்குறைய தெரியும், இருந்தாலும் நீங்களே பார்ப்பது நல்லது.

நான் வாசிக்கிற ஆள் இல்லை, மிக்சர் பக்கம் நிற்கிற ஆள். அங்கே நின்று பார்த்த வரைக்கும் "கீபோர்டு சரியில்லை" என்று வருகிற புகாரில் பாதிக்கு மேல் கீபோர்டில் கோளாறே இருக்காது. உங்கள் பியானோ டோன் ஸ்டீரியோ. நிஜப் பியானோவுக்கு முன்னால் இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்ததை இடதிலும் வலதிலுமாகத் தருகிறார்கள். ஹெட்போனில் அந்த அகலம்தான் உங்கள் கண்ணைக் கலங்க வைக்கிறது. சபை ஸ்பீக்கர் பெரும்பாலும் மோனோ, இரண்டும் ஒன்றாகக் கலந்துதான் வெளியே வரும். ஒரே சத்தம் ஒரு மைக்குக்கு முந்தியும் மற்றதற்கு ஒரு மில்லி விநாடி பிந்தியும் போய்ச் சேர்ந்திருந்தால், அதாவது தூரத்தில் 34 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால், கலக்கும்போது 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றை ஒன்று தின்றுவிடும், அப்புறம் 1500, அப்புறம் 2500. 500 என்பது நடு ஸிக்கு மேலே இருக்கிற பி நோட்டுக்குப் பக்கத்தில். பியானோவின் உடம்பே அங்கேதான் இருக்கிறது. அது போய்விட்டால் மிச்சம் தகரம்தான்.

அதனால் செய்ய வேண்டியது: பெரும்பாலான கீபோர்டில் இடது ஜாக்குக்குப் பக்கத்தில் "எல்/மோனோ" என்று போட்டிருக்கும். ஒரே ஒயர் என்றால் அதில்தான் சொருக வேண்டும். வலதில் மட்டும் சொருகினால் பாதிச் சத்தம்தான் வெளியே வரும். இரண்டையும் ஒய் ஒயரால் முறுக்கிச் சேர்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். எல்/மோனோவில் போட்டும் ஒல்லியாக இருந்தால் டோன் பட்டியலில் மோனோ என்று பெயரில் வருகிற பியானோ இருக்கிறதா என்று தேடுங்கள், நிறைய கீபோர்டில் ஒன்றாவது இருக்கும், ஹெட்போனில் கேட்டால் சப்பென்று இருக்கிறதே என்று யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சபையில் அதுதான் ராஜா.

அப்புறம் எதிரொலி. உங்கள் டோனுக்குள் ஏற்கெனவே ரிவர்ப் இருக்கிறது, மண்டபத்துக்குச் சொந்தமாக ஒரு ரிவர்ப் இருக்கிறது, சவுண்டு தம்பி பாசத்தில் மிக்சரில் இன்னொன்று போட்டிருப்பான். மூன்று போர்வை போர்த்தினால் முகம் எப்படித் தெரியும்? உங்களுடையதை அணைத்துவிடுங்கள், அல்லது கால்வாசிக்குக் குறையுங்கள். காலி மண்டபத்தில் செட் பண்ணும்போது எதிரொலி அதிகமாகத்தான் இருக்கும், ஆட்கள் வந்து உட்கார்ந்தால் உடம்பும் உடுப்பும் கொஞ்சம் உறிஞ்சிவிடும், அதையும் மனசில் வையுங்கள்.

வால்யூம் சண்டைக்கு வருகிறேன். இது உங்கள் தவறு, தம்பியின் தவறு இல்லை. மாஸ்டர் வால்யூமை முக்கால் பங்கில் வைத்து அங்கேயே ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள், ஆராதனை முடியும்வரை தொடாதீர்கள். குறைக்கவும் கூட்டவும் காலில் ஒரு எக்ஸ்பிரஷன் பெடல். உங்கள் மாஸ்டர் அலையாமல் நின்றால்தான் தம்பி தன் ஃபேடரை நம்ப முடியும். எவ்வளவு மெதுவாக வாசிப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், சபைக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அவன் முடிவு செய்யட்டும்.

இன்னொன்று, கீபோர்டிலிருந்து மிக்சர் தூரம் என்றால் சாதாரண கிட்டார் ஒயரை நீட்டி இழுக்காதீர்கள். ஐந்தாறு மீட்டர் தாண்டினால் டிஐ பெட்டி (சிக்னலை நீண்ட ஒயருக்கு ஏற்றபடி மாற்றுகிற சின்னப் பெட்டி) ஒன்று வைத்து அங்கிருந்து மைக்குக்குப் போடுகிற எக்ஸ்எல்ஆர் ஒயரில் அனுப்புங்கள். கீபோர்டு தானே போதுமான சக்தியோடு சிக்னல் தருவதால் மின்சாரம் தேவைப்படாத பேசிவ் பெட்டியே போதும். ஊம்ம்ம் என்று அடியில் ஒரு இரைச்சல் வந்தால் அந்தப் பெட்டியில் இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். அதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை ஒடிக்கிற வீரர்களைப் பார்த்திருக்கிறேன், அது உயிரோடு விளையாடுகிற காரியம்.

ஒன்பதுடிராபார்:

மேலே சொன்னதெல்லாம் சரி. நான் வாசிக்கிற பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன், வயதான ஆள், கொஞ்சம் நீளும்.

புது கீபோர்டு வந்தால் சத்தம் மாறிவிடும் என்று நானும் முப்பது வருடம் நம்பினேன். யமஹா டிஎக்ஸ்7 வந்தது 1983இல். எஃப்எம் முறையில், அதாவது ஒரு அலையால் இன்னொரு அலையை ஆட்டி, ஒலியைக் கட்டுகிற சிந்தசைசர், ஒரே நேரத்தில் 16 நோட்டு, அவ்வளவுதான். அதன் எலக்ட்ரிக் பியானோ எந்த மண்டபத்திலும் மணி மாதிரி வெட்டிக்கொண்டு வரும். ஏன்? அதில் ஸ்டீரியோ மைக் எதுவும் இல்லை, ரிவர்ப்பும் இல்லை, ஒரே ஒரு அவுட்புட் ஜாக், அடிக்கிற நொடியிலேயே பளிச்சென்ற முனை. 1988இல் கோர்க் எம்1 வந்தபோது ஒரே பெட்டிக்குள் பியானோ, ஸ்ட்ரிங்ஸ், டிரம்ஸ், எட்டு டிராக் சீக்வென்ஸர், கூடவே எஃபெக்ட்ஸ் எல்லாம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில்தான் நாங்களும் தனியாக ஹெட்போனில் கேட்டுச் சொக்கிப்போகிற பழக்கத்தைப் பிடித்தோம் என்று நினைக்கிறேன். கடையில் நின்று இரண்டு நிமிடம் அழுத்திப் பார்க்கிறவரை மயக்குவதற்காகத்தான் முதல் பக்கத்து டோன்களை அலங்கரித்து வைக்கிறார்கள். அவை தனி ஆளுக்கான டோன்கள், ஒரு கிட்டார், ஒரு பேஸ், டிரம்ஸ், நாற்பது குரல் நடுவே நிற்க வேண்டிய டோன்கள் இல்லை.

உங்கள் லேயரைப் பிரித்துப் பாருங்கள். பியானோ, ஸ்ட்ரிங்ஸ், பேட் மூன்றும் ஒரே இடத்தில் குந்தியிருக்கின்றன. ஸ்ட்ரிங்ஸை எடுத்துவிடுங்கள், யாரும் தேட மாட்டார்கள். பேடின் அடிச்சத்தத்தை 150, 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் வெட்டிவிடுங்கள், அந்த வீடு பேஸ் கிட்டாருக்குச் சொந்தம். பேட் மட்டும் எக்ஸ்பிரஷன் பெடலுக்குக் கட்டுப்படுகிற மாதிரி செட் பண்ணுங்கள், பியானோ கட்டுப்படக் கூடாது. மிடியில், அதாவது எந்தக் கீ, எவ்வளவு அழுத்தம் என்று கருவிகள் ஒன்றோடு ஒன்று பேசுகிற மொழியில், வால்யூம் 7ஆம் எண் கட்டளை, எக்ஸ்பிரஷன் 11ஆம் எண், லேயரின் எந்தப் பகுதி 11ஐக் கேட்கலாம் என்று தனித்தனியாகத் திறக்கவும் மூடவும் இன்றைய கீபோர்டுகள் நிறையவற்றில் வழி உண்டு. இது கைவந்துவிட்டால் ஜெப நேரத்தில் பியானோவை விரலால் குறைத்து, பேடைக் காலால் ஏற்றலாம், யாருக்கும் எப்போது மாறியது என்றே தெரியாது.

பேட் பிடிக்கும்போது முழுக் கார்டையும் பிடிக்காதீர்கள். ஸி ஸ்கேல் பாட்டு என்றால் இடது கையில் ஸி, ஜி இரண்டு மட்டும். ஸ்கேலின் மூன்றாவது நோட்டான இ இல்லாததால் அது மேஜரும் இல்லை மைனரும் இல்லை. எஃப் வந்தால் ஜி அதற்கு ஒன்பதாவதாக மிதக்கும், ஏ மைனர் வந்தால் ஏழாவதாக நிற்கும். ஜி கார்டு வரும்போது ஸி கொஞ்சம் உரசும், ஆனால் திரும்பி வீட்டுக்கு வரப்போகிற உரசல் அது, கெடுக்காது. பேஸ் வாசிக்க ஆள் இருந்தால் பியானோவின் இடது கை ஆக்டேவையும் விட்டுவிடுங்கள். எனக்கு அதை விடவே நாலு வருடம் ஆயிற்று, பழகிய கை சும்மா இருக்காது.

88 கீ விஷயம். தனியாகப் பியானோ மட்டும் வாசித்துச் சபையைப் பாட வைக்கிறீர்கள் என்றால் வாங்குங்கள், கனமான கீ விரலுக்குக் கொடுக்கிற பதில் வேறுதான், அதை நான் மறுக்கவில்லை. குழுவோடு வாசிக்கிறவருக்கு, அதிலும் ஆர்கன் வாசிக்கிறவருக்கு, லேசான 61 அல்லது 73 போதும். கனமான கீயில் ஆர்கன் வாசித்து உள்ளங்கையால் வழுக்கிப் பாருங்கள், தெரியும். ஹம்மண்ட் ஆர்கன் 1935இல் வந்தபோது குழாய் ஆர்கன் வைக்க வசதியில்லாத ஆலயங்களுக்காகத்தான் அதை அதிகம் விற்றார்கள். ஒன்பது டிராபார், அதாவது இழுவைக் கம்பிகள், அவற்றை இழுப்பதும் தள்ளுவதும்தான் டோன் செட் பண்ணுவது. உங்கள் கீபோர்டில் டிராபார் ஆர்கன் இருந்தால் முதல் மூன்றை முழுசாக இழுத்து மற்றதையெல்லாம் உள்ளே தள்ளி, சுழலும் ஸ்பீக்கர் எஃபெக்டை மெதுவில் வைத்து ஒரு பாமாலை வாசித்துப் பாருங்கள். கடைசிச் சரணத்தில் வேகத்துக்கு மாற்றுங்கள். மூவாயிரம் டோன் உள்ள பெட்டி செய்யாததை அந்த ஒரு சுவிட்ச் செய்யும்.

வாங்க வேண்டும் என்று கை அரித்தால் நல்ல எக்ஸ்பிரஷன் பெடல் ஒன்று, நோட்டை நீட்டிப் பிடிக்கிற நல்ல சஸ்டெயின் பெடல் ஒன்று. பெடல் விஷயத்தில் ஒரு தொல்லை, அழுத்தும்போது சர்க்யூட்டை மூடுகிற பெடல் உண்டு, திறக்கிறது உண்டு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறைய கீபோர்டு ஆன் ஆகும்போதே எந்த வகை என்று பார்த்து வைத்துக்கொள்ளும். அவசரத்தில் பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே ஆன் பண்ணினால் எல்லாம் தலைகீழ், மிதித்தால் சத்தம் நிற்கும், விட்டால் நீளும். ஒரு ஈஸ்டர் காலையில் முதல் பாட்டு முழுக்க அப்படி வாசித்தேன்.

சுருதியை ஏற்றி இறக்குகிற டிரான்ஸ்போஸ் பொத்தான் கதையைச் சொல்லவே வேண்டாம். இரண்டு ஏற்றி வைத்ததை மறந்து அடுத்த பாட்டை எஃப்-இல் ஆரம்பித்தேன், பேஸ்காரர் என்னை முறைத்தார், நான் அவரை முறைத்தேன். இப்போதெல்லாம் அந்தப் பொத்தானைத் தொட்டால் உடனே ஒரு துண்டுக் காகிதத்தை ஸ்டாண்டில் செருகி வைப்பேன், அது கண்ணில் படும்வரை இறக்கவில்லை என்று அர்த்தம்.

பின்வரிசைஆல்டோ:

ரெக்கார்டிங் பக்கத்தை யாரும் தொடவில்லையே. நானும் எங்கள் பாட்டுக்குழுவுக்கு நான்கு குரல் பயிற்சிப் பதிவுகள் செய்து அனுப்புகிறவள்தான், உங்கள் குளியலறையில் நானும் குடியிருந்திருக்கிறேன்.

முதலில் அந்த இரட்டைச் சத்தம், அது சுலபம். நீங்கள் கீயை அழுத்தினால் கீபோர்டு தானாகவே ஒரு தடவை ஒலிக்கிறது, அதே மிடி லேப்டாப்புக்குப் போய் ரீப்பர் வழியாகத் திரும்பி வந்து மறுபடி அதையே ஒலிக்க வைக்கிறது. கீபோர்டின் மெனுவில் லோக்கல் கன்ட்ரோல் என்று இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். அப்போது கீ தனி, ஒலி தனி. திரும்பச் சபைக்குக் கிளம்பும்போது ஆன் செய்ய மறக்காதீர்கள், மறந்தால் எந்தக் கீயை அழுத்தினாலும் ஊமை, கீபோர்டு செத்துவிட்டது என்று அலறுவீர்கள்.

லேப்டாப்புக்குள் இருக்கிற பியானோவை வாசிக்கும்போது தாமதமாக வந்தால் அது பஃபர், லேப்டாப் ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்புகிற அளவு. 48,000 ஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்றால் ஐந்தே கால் மில்லி விநாடி, 1024 என்றால் இருபத்தொன்று. இத்துடன் டிரைவரும் இன்டர்ஃபேஸும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால், காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே சத்தத்துக்கு மூன்று மில்லி விநாடி ஆகிறது, அதனால் 128, 256க்கெல்லாம் கவலைப்படாதீர்கள். வாசிக்கும்போது குறைவாக வையுங்கள், மிக்ஸ் பண்ணும்போது 1024க்கு ஏற்றிவிடுங்கள், லேப்டாப் மூச்சு வாங்காது. விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் கம்பெனி தருகிற, தாமதத்தைக் குறைக்கிற ஏஎஸ்ஐஓ டிரைவரைப் போடுங்கள். ப்ளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. பாடும்போது இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் சுவிட்ச் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் குரல் லேப்டாப்புக்குள் போய்ச் சுற்றாமல் நேராகக் காதுக்கு வரும்.

இனி குளியலறை. கண்டென்சர் மைக் நல்ல மைக்தான், அதனால்தான் பிரச்சினை. உங்கள் குரலையும் கேட்கும், வெறும் சுவரில் பட்டுத் திரும்புகிற குரலையும் கேட்கும், மேலே ஓடுகிற மின்விசிறியையும் கேட்கும். நான் முதலில் மைக்குக்குப் பின்னால் போர்வையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், பெரிய மாற்றம் இல்லை. அப்புறம்தான் உறைத்தது, மைக்கின் முகம் என்னைப் பார்த்து இருக்கிறது, அதற்குத் தெரிவது எனக்குப் பின்னால் இருக்கிற சுவர். போர்வையைக் கொண்டுபோய் என் முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டேன், இரண்டு கனமான போர்வை, சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. குளியலறை பாதி காலி. துணி நிறைய தொங்குகிற அலமாரியைத் திறந்து அதற்கு முதுகைக் காட்டி நின்றால் இன்னும் நல்லது. அறையின் சரி நடுவிலும் நிற்காதீர்கள், மூலையிலும் நிற்காதீர்கள். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண்தான் இடைவெளி, நடுவில் 'ப' சொல்லும்போது வருகிற காற்றைத் தடுக்கிற பாப் ஃபில்டர். இவ்வளவுக்கும் மசியாத அறை என்றால் மேடையில் பிடித்துப் பாடுகிற டைனமிக் மைக்கை, ஷூர் எஸ்எம்58 மாதிரி ஒன்றை, கிட்டத்தில் வைத்துப் பாடிப் பதிவு செய்யுங்கள். மேல் மினுமினுப்பு கொஞ்சம் குறையும், ஆனால் சுவர் கேட்காது. பயிற்சிப் பதிவுக்கு மினுமினுப்பு எதற்கு?

கெயினை, அதாவது மைக் சத்தம் பதிவாகும் அளவை, வைக்கும்போது சிவப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். 24 பிட்டில் பதிவு செய்தால் கீழே இடம் தாராளமாக இருக்கிறது, உச்சியே மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும், அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். உடைந்த குரலை ஒட்ட முடியாது.

கடைசியாக ஒன்று, கீபோர்டு வாசிப்பதை ஆடியோவாக மட்டும் எடுக்காமல் மிடியாகவும் சேர்த்து எடுங்கள். நான் ஒரு பாமாலையை டி-யில் பதிவு செய்து, நான்கு குரலையும் பாடி முடித்த பிறகு, "காலை வேளையில் இந்த உயரம் எட்டாது, ஸி-க்கு இறக்குங்கள்" என்றார்கள். மிடி இருந்ததால் கீபோர்டு இரண்டு கிளிக்கில் இறங்கிவிட்டது. நான் மட்டும் நான்கு குரலையும் மறுபடி பாடினேன்.

பிளகின்பைத்தியம்:

எல்லாரும் இவ்வளவு சுற்றுகிறீர்கள். லேப்டாப் இருக்கிறது, கீபோர்டை வெறும் கன்ட்ரோலராக்கிவிட வேண்டியதுதானே? லேப்டாப் ஒலிகளை மேடையில் ஓட்டுகிற மென்பொருள், மேக் என்றால் மெயின்ஸ்டேஜ், விண்டோஸ் என்றால் கிக் பெர்ஃபார்மர். பியானோவுக்குப் பியானோடெக், அது சாம்பிள் இல்லை, கம்பியும் சுத்தியலும் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டு ஒலிக்கிறது, அளவும் மிகச் சின்னது. டிஎக்ஸ்7 மேல் ஆசை என்றால் டெக்ஸ்ட் (Dexed) என்கிற மென்பொருள் இலவசம், பழைய டிஎக்ஸ்7இன் டோன் கோப்புகளையே அப்படியே திறக்கும். குழாய் ஆர்கன் வேண்டுமா, கிராண்ட்ஆர்க் இலவசம், நிஜ ஆர்கன்களைக் குழாய் குழாயாகப் பதிவு செய்த தொகுப்புகள் அதற்குக் கிடைக்கின்றன. இதற்கெல்லாம் கீபோர்டை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

மிக்சர்மேசை:

@பிளகின்பைத்தியம் வீட்டில் தாராளமாக. மேடையில் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். லேப்டாப் கொண்டுவந்து அமைதியான ஜெபத்தின் நடுவே "டிங்" என்று மெசேஜ் சத்தம் மொத்த ஸ்பீக்கரிலும் வந்த நாளை நான் மறக்கவில்லை, அதே ஆள் அடுத்த மாதம் அப்டேட்டில் மாட்டிக்கொண்டு இரண்டு பாட்டுக்குச் சும்மா நின்றார். கொண்டுவந்தே தீருவேன் என்றால் வைஃபையை அணைத்து, நோட்டிஃபிகேஷனை அணைத்து, தூங்கும் நேரத்தை "ஒருபோதும் இல்லை" என்று வைத்து, சார்ஜரைச் சொருகி, கீபோர்டின் சொந்த பியானோவும் ஒரு சேனலில் தயாராக இருக்கும்படி ஒயர் போட்டுக் கொண்டுவாருங்கள். வாசலில் தடுக்க மாட்டேன்.

ஞாயிறுவாசிப்பு:

பார்த்துவிட்டேன். ஒரே ஒயர், வலது ஜாக். யார் எப்போது சொருகினார்கள் என்று தெரியவில்லை, நானாகக்கூட இருக்கலாம். எத்தனை வருடமாகப் பாதி பியானோவை வாசித்துக்கொண்டிருந்தேனோ, நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

எல்/மோனோவுக்கு மாற்றினேன், டோன் பட்டியலில் இருநூறுக்கும் மேலே ஒளிந்திருந்த ஒரு மோனோ பியானோவை எடுத்தேன், ரிவர்ப்பைக் கால்வாசியாக்கினேன், ஸ்ட்ரிங்ஸை எடுத்தேன். வியாழக்கிழமைப் பயிற்சியில் சவுண்டு தம்பி முதல் பாட்டிலேயே தலையைத் தூக்கிப் பார்த்தான், "புது கீபோர்டா அண்ணே?" என்றான். மாஸ்டர் வால்யூமில் டேப் ஒட்டியாயிற்று. பேடில் ஸி, ஜி மட்டும் பிடிக்கிற வித்தை இன்னும் கைக்கு வரவில்லை, பழக்கத்தில் இ-க்கு விரல் போய்விடுகிறது. லோக்கல் ஆஃப் செய்தேன், இரட்டைச் சத்தம் போயிற்று, ஆல்டோ அக்காவுக்கு நன்றி. போர்வை முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது, வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

88 கீ ஆசை முழுக்கப் போகவில்லை, ஒத்திப்போட்டிருக்கிறேன். இப்போது சத்தம் தெளிவானதும் இன்னொரு குறை தெரிய ஆரம்பித்திருக்கிறது. நடுவில் இருக்கிற எஃப் ஷார்ப் சில சமயம் மெதுவாகத் தொட்டாலும் முழுச் சத்தத்தில் கத்துகிறது, சில சமயம் வாயே திறக்கவில்லை. இதற்காவது புதுசு வாங்கலாமா?

ஒன்பதுடிராபார்:

விட மாட்டீர்கள் போல. அது தூசி, பெரும்பாலும். கீக்கு அடியில் ரப்பர் பட்டையில் கரும்பொட்டு இரண்டு இருக்கும், அழுத்தும்போது முதலில் ஒன்று பலகையைத் தொடும், அடுத்த நொடிப்பொழுதில் மற்றது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்பதை வைத்துத்தான் நீங்கள் மெதுவாக அடித்தீர்களா வேகமாக அடித்தீர்களா என்று கீபோர்டுக்குத் தெரியும். ஒன்றில் அழுக்கு ஏறினால் கணக்குத் தப்பும், கத்தும், அல்லது ஊமையாகும். ஈரப்பதம் உள்ள இடத்தில் மூடாமல் வைத்தால் சீக்கிரம் வரும்.

வாரண்டி முடிந்திருந்து, இதற்கு முன் ஏதாவது ஒரு கீபோர்டைத் திறந்த கை என்றால் நீங்களே செய்யலாம், இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். திறப்பதற்கு முன்னால் செட் பண்ணிய டோன்களையெல்லாம் யூஎஸ்பியில் சேமித்துவிடுங்கள். பவர் ஒயரைக் கழற்றி, மெத்தை மேல் கவிழ்த்துப் போட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் பலகையில் இருக்கிற கறுப்புத் தடத்தை லேசாகத் துடையுங்கள், தேய்க்கக் கூடாது. ரப்பரில் இருக்கிற பொட்டை விரலால் தொடாதீர்கள், விரலின் எண்ணெய் போதும், அடுத்த வருடம் இதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மூடுங்கள்.

ஒரு அட்டையில் கீபோர்டின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றுகிற ஒவ்வொரு திருகையும் அதே இடத்தில் குத்தி வையுங்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், நீளம் வேறு. நீளமானதைக் குட்டையானதன் ஓட்டையில் முடுக்கினால் மேலே பேனலில் ஒரு சின்ன மேடு எழும்பும். என்னுடையதில் இன்னும் இருக்கிறது, டிரான்ஸ்போஸ் பொத்தானுக்குப் பக்கத்தில்.